கெட்டிமேளத்துக்கு ஒரு கிதார்

அண்ணா,

இன்று காலை சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுபோயிற்று. தெருமுனை ரிப்பேர்க் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, கூடத்தில் பழைய பேப்பரை விரித்து அதைப் பிரித்துப் போட்டார். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி, ஒரு டப்பியில் இருந்த குங்கிலியத்தில் தொட்டு, அறுந்த ஒயரின் மேல் வைத்தார். மெல்லிய புகை எழுந்து என் பக்கம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்துக்கம்மா நவ்வுத்துன்னாரு?" என்று, நான் ஏன் சிரிக்கிறேன் எனப் புரியாமல், அவர் நிமிர்ந்து பார்த்தார். மிக்ஸி கெட்டதற்குச் சிரிக்கிற கிழவியை அவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அவருக்கு என்னவென்று சொல்வது? அது உன் சட்டையின் வாசனை. சனிக்கிழமை தோறும் சித்தூரிலிருந்து பஸ் ஏறி நகரிக்கு நீ வருவாய். தெருக்கோடியில் நீ திரும்பும்போதே காற்று அந்த வாசனையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். "சாமிக்குப் போடற குங்கிலியத்த இவன் ஒயருக்குப் போட்டுக்கினு கீறான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே உனக்குத் தண்ணீர் மொண்டு வைப்பாள். நைனா தறிக்குழியில் இருந்தபடியே, "வந்துட்டாரா இஞ்சினீரு?" என்பார். தறியின் சத்தம் ஒரு நொடிகூட நிற்காது.

நீ இஞ்சினியர் இல்லை. ஹைஸ்கூல் முடித்துவிட்டு, தறியில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டு, சித்தூர் கடைத்தெருவில் ஒரு ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். முதலாளி உன்னை ஊர் ஊராக அனுப்புவார். அப்படித்தான் ஒருமுறை பாகாலாவுக்குப் போனாய். ஜங்ஷன் அல்லவா, ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பங்கள் நிறைய இருந்த காலம். வெள்ளைக்காரன் போனபிறகு அவர்களும் ஒவ்வொருவராகக் கப்பலேறிக் கொண்டிருந்தார்கள். கார்டு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் நீ ரேடியோவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, சாமான் மூட்டைகளுக்கு நடுவே அந்தக் கிதார் கிடந்தது. வயிற்றுப் பலகை இரண்டாகப் பிளந்து, கம்பி துருப்பிடித்து. "இதைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், நீ எடுத்துக்கொள்" என்று அந்த அம்மாள் உன் கையில் திணித்தாளாம். ரேடியோவுக்குக் கூலிகூட வாங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

வீட்டில் அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது. நைனா தறியை நிறுத்திவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "இது இன்னாடா, பூசணிக்காய்க்குக் காம்பு மொளச்ச மாதிரி?" என்றார். நீ தட்டிக் காட்டினாய். பிளந்த பலகையிலிருந்து, சாக்கில் அடித்தாற்போல ஒரு சத்தம் வந்தது. "இத்தினி ஒடஞ்சத எதுக்குடா தூக்கினு வந்தே?" என்று அம்மா கேட்டாள். அதற்கு நீ சொன்ன பதில்தான் எங்கள் யாருக்கும் புரியவில்லை.

"ஒடஞ்சா இன்னாமா, இதுக்கு வயிறே வேணாம். கரண்டுல பாடும்."

கரண்டில் பாடும் கிதாரை நீ ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படத்தில்தான் பார்த்திருந்தாய். கையில் தொட்டதில்லை, காதால் கேட்டதும் ரேடியோவில்தான். எஃகுக் கம்பி அதிரும் இடத்துக்குக் கீழே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பிச் சுருள், அதிலிருந்து ஒரு ஒயர் ரேடியோவுக்கு, அவ்வளவுதான் என்று எனக்குத் தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினாய். பழைய டெலிபோன் ரிசீவரிலிருந்து காந்தம் எடுத்திருந்தாய். கம்பிதான் உன்னைப் படுத்தியது. தலைமயிரைவிட மெல்லிசு. ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். நீ கையால் சுற்றுவாய், அறுந்துவிடும். திட்டுவாய். மறுபடி சுற்றுவாய், மறுபடி அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இது நடந்தது.

நான் அந்தப் பக்கம் ராட்டையில், தறி நாடாவுக்கான ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து உன் கையிலிருந்து அந்தக் கம்பி சுற்றும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். "குடு இங்க. பட்டு இழைய நீ இப்பிடி இழுத்திருந்தா நைனா கைய ஒடச்சிருப்பாரு" என்றேன். ராட்டையின் கதிரில் கட்டையைச் செருகி, ஒரு துண்டுத் துணிக்குள் கம்பியை விட்டு, இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினேன். எனக்கு அது வேலையே இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்து இதைத்தானே செய்துகொண்டிருந்தேன். சோறு வெந்து வடிப்பதற்குள் உன் கட்டை நிறைந்துவிட்டது. நீ அதை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இனிமே நீதான் என் பார்ட்னரு" என்றாய். நான் அதைப் பெரிய உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதன் முதல் சத்தத்தையும் மறக்கவில்லை. கடையிலிருந்து இரவல் வாங்கிய ரேடியோவின் பின்பக்கத்தில் ஒயரைச் செருகி, ஒரே ஒரு கம்பியைச் சுண்டினாய். மோர்ப் பானையை இடித்துக்கொண்டு பூனை ஓடியது. தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நைனாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு கையை ரேடியோ மேல் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கம்பியைத் தொட்டார். அடுத்த நொடி தறிக்குழிக்குள் இருந்தார்.

"டேய், இது கடிக்குதுடா!"

எர்த் ஒயர் போட மறந்திருக்கிறாய். நீ ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாய். ஆனால் நைனா குழிக்குள்ளிருந்து எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இன்னொரு தபா வாசி, எட்ட நின்னு கேக்கறேன்" என்றார். அன்றுமுதல் அவரும் நம் கட்சி.

அதற்குப்பின் அவை வந்துகொண்டே இருந்தன. பாகாலாவில் இன்னொன்று, ரேணிகுண்டாவில் ஒன்று, காட்பாடியில் ஒன்று. ஊரைவிட்டுப் போகிற ரயில்வே குடும்பம் எங்கே என்று உனக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் ரேடியோவையும் இஸ்திரிப் பெட்டியையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, பதிலுக்கு மூலையில் கிடப்பதைக் கேட்பாய். எந்த ஸ்டேஷனில் கிடைத்ததோ அதுதான் அந்தக் கிதாரின் பெயர். "பாப்பா, காட்பாடிக்குக் கம்பி மாத்தணும்", "ரேணிகுண்டாவுக்குக் கழுத்து வளஞ்சிடுச்சு" என்று நாம் பேசிக்கொள்வதைக் கேட்டு, ஊரில் சிலர் நம்மை ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் என்றே நினைத்தார்கள்.

எதையும் வந்தபடியே விட்டதில்லை நீ. காட்பாடியின் உடம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, தச்சர் தெருவில் பலாப்பலகை வாங்கி, வயிறே இல்லாத கனத்த உடம்பாக இழைத்தாய். நைனாவின் சாயத்தொட்டியில் மிச்சமிருந்த அரக்குச் சிவப்பை அதற்குப் பூசினாய். மரம் அதைக் குடித்து, கல்யாணப் புடவை மாதிரி மின்னியது. நீ அதை நேராகப் பிடித்து வாசிக்கவில்லை. மடியில் படுக்கப்போட்டு, ஒரு சின்னக் கண்ணாடி மருந்து பாட்டிலைக் கம்பிமேல் வழுக்கவிட்டு வாசித்தாய். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டுவிட்டு வந்து, அந்தக் குழைவும் அசைவும் பாட்டிலில் வருகிறதா என்று நாள் முழுவதும் தேடுவாய். வரும். கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி வரும், ஆனால் வரும்.

அப்போது ஆந்திரா தனி ராஜ்ஜியமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரே பேச்சு. கடையடைப்பு, ஊர்வலம், ரயில் மறியல் என்று எந்த வாரம் எது வரும் என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் எனக்குத் திருத்தணியில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை திருப்பதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது நான் அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவர் அப்பாவைத்தான் பார்த்தேன். பெரிய மீசை, பெரிய குரல், எதற்கெடுத்தாலும் சகுனம். பல்லி கத்தியதற்காக அரைமணி நேரம் நம் வீட்டு வாசலிலேயே நின்றவர்.

கல்யாணத்துக்கு முதல் நாளே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். மேளக்காரர்கள் காலை ரயிலில் வருவதாக ஏற்பாடு. காலையில் ரயிலே வரவில்லை. எங்கேயோ தண்டவாளத்தில் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஸ்டேஷனிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். பந்தலில் ஐயர் ஹோமம் வளர்த்துவிட்டார். நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. என் மாமனார் மணவறைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேளம் இல்லாம தாலி கட்டறதா? எங்க வம்சத்துல கிடையாது. தாலி ஏறும்போது எவனாவது ஒருத்தன் ஒத்தத் தும்மல் போட்டான்னு வையி, அது பொண்ணு காதுல வுழுந்துச்சுன்னு வையி, அப்பறம் யாரு பதில் சொல்றது? வேற முகூர்த்தம் பாப்போம்."

அடுத்தாற்போல் ஆடி வருகிறது. எல்லைத் தகராறு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. தள்ளிப்போன கல்யாணம் நடக்குமா நடக்காதா என்ற பயம் அம்மாவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாலையில் இருந்த ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மைக் செட்டுக்காரர் சுப்பராயுலுதான் முதலில் ஒரு வழி சொன்னார். அவரிடம் ஒரு நாதஸ்வர ரெக்கார்டு இருந்தது. "நேனு பெடத்தானண்டி" என்று, தானே போடுவதாகச் சொல்லி, பெருமையாக அதை எடுத்து வைத்தார். முதல் நாள் வெயிலில் வைத்திருந்ததால் தட்டு அப்பளம் மாதிரி வளைந்துபோயிருக்கிறது. ஒலிபெருக்கியில் வந்த சத்தம், செத்த வீட்டில் நாலு பேர் மாரடித்து ஒப்பாரி வைப்பது மாதிரி இருந்தது. என் மாமனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து! இதுக்குத் தும்மலே தேவல!" என்று கத்தினார்.

அப்போதுதான் நீ முன்னால் வந்தாய். சாயங்காலம் நலங்குக்கு வாசிக்கலாம் என்று காட்பாடியைச் சித்தூரிலிருந்து கொண்டுவந்திருந்தாய். கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டாய்.

"மாமா, மேளம் எதுக்கு அடிக்கறோம்? கெட்ட சத்தம் காதுல வுழக்கூடாதுன்னுதானே?"

"ஆமா."

"என்கிட்ட ஒண்ணு கீது. அத இந்த ஸ்பீக்கர்ல மாட்டினா, இங்க ஒரு யானை தும்மினாலும் உங்களுக்குக் கேக்காது. மங்கள ராகத்துலதான் வாசிப்பேன். கேட்டுப் பாருங்க. புடிக்கலன்னா நீங்க சொல்றபடி செய்யலாம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என் மாமனார் மட்டும் சிரிக்காமல் மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, கொண்டா பாப்போம்" என்றார்.

நீ உள்ளே ஓடினாய். அடுத்த நிமிஷம் அம்மா என் காதில் வந்து குசுகுசுத்தாள். "உங்கண்ணன் மொகம் செத்துப்போய் நிக்கறான், வா." நல்லவேளை, கூறைப்புடவை கட்டிக்கொள்ள நான் உள்ளே போகவேண்டிய நேரமும் அதுவே. தறி ரூமில் நீ காட்பாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதற்கு முன்பே சித்தியின் டிரங்குப் பெட்டி அதன்மேல் சாய்ந்து விழுந்திருக்கிறது. பலாமரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுருள்தான் நசுங்கி, கம்பி நாலு இடத்தில் அறுந்துபோயிருந்தது.

"பாப்பா, போச்சு" என்றாய். உன் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. "வீராப்பா சொல்லிட்டு வந்துட்டேன். உன் கல்யாணத்த நானே கெடுத்துட்டேன்."

"கம்பி கீதா?"

"பொட்டியில ஒரு ரீல் கீது."

"எடு."

கூறைப்புடவையைச் சித்தி என்மேல் எப்படியோ சுற்றினாள். கொசுவத்தை அவள் செருகிக்கொண்டிருக்கும்போதே நான் ராட்டையின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பழைய சுருளை அறுத்தெறிந்து, கட்டையைக் கதிரில் செருகினேன். கையெல்லாம் மருதாணி, மஞ்சள், வியர்வை. கம்பி வழுக்கியது. ரீல் தரையில் உருண்டு உருண்டு இழுபட்டது, இரண்டு முறை அறுந்தது. உன்னால் ரீலைப் பிடிக்க முடியவில்லை. காந்தத்தை நிமிர்த்தி ஒட்டிக்கொண்டிருந்தாய். சித்திக்குக் கம்பி கண்ணிலேயே படவில்லை. வெளியே ஐயர் சொன்ன மந்திரத்தையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். நைனா அவர் காதில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது கதவருகில் ஒரு நிழல். மாப்பிள்ளை. தலைப்பாகையும் மாலையுமாக, உள்ளே வருவதா வேண்டாமா என்று ஒரு காலை மட்டும் வாசற்படிக்குள் வைத்துக்கொண்டு நின்றார். கால் மரத்துப்போய்விட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மணவறையிலிருந்து எழுந்து வந்தாராம். புகுந்த வீட்டுக்குப் போகவேண்டிய பெண், கூறைப்புடவையோடு தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தால் யார்தான் உள்ளே வருவார்கள்? நான் எழுந்திருக்கவில்லை. சக்கரத்தையும் நிறுத்தவில்லை.

அவர் ரீல் தரையில் உருளுவதைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழுத்தின் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, எதிரே வந்து குந்தினார். தன் ஜிப்பா பாக்கெட்டில் இருந்த பென்சிலை எடுத்து, ரீலின் துளையில் விட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்பிடிப் புடிச்சா சரியா இருக்குமா?"

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"கொஞ்சம் ஒசத்திப் புடிங்க" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

ரீல் பென்சிலில் சுழன்று சுழன்று கம்பியை விட்டது. அதன்பிறகு ஒருமுறைகூட அறுபடவில்லை. அவர் கண்ணை எடுக்காமல் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருமுறை மட்டும் அவர் முகத்தைப் பார்த்தேன். நீ குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும் அண்ணா. பல வருஷம் கழித்து அதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினாயே.

பந்தலில் எங்களை மறுபடி மணவறையில் உட்கார வைத்தார்கள். சுப்பராயுலு ரெக்கார்டுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு உன் ஒயரைச் செருகினார். மைக் செட்டுக்குப் பெரிய பேட்டரி இருந்தது, அதனால் யாரையும் கடிக்காது என்று நைனாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாய். காட்பாடியை மடியில் கிடத்தி, பாட்டிலைக் கம்பியில் வைத்தாய்.

முதலில் ஒரு நீண்ட ஸா. ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிப் பறந்தன. பிறகு நாட்டை ராகம். நாதஸ்வரம் இல்லைதான். ஆனால் நாதஸ்வரத்தின் கம்பீரம் அதில் இருந்தது. மேலே போய் நின்று, குழைந்து, இறங்கி வந்தது. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. என் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மீசை நுனி மட்டும் தாளத்துக்கு ஆடியது.

ஐயர் கையை ஆட்டினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" கிதாரில் நீ எல்லாக் கம்பியையும் சேர்த்து அதிவேகமாக உரசினாய். ஆனால் தவில் வேண்டுமே! சுப்பராயுலு ஒரு கணம் திகைத்தார். அப்புறம் மைக்கை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பத்து விரலாலும் அதன் தலையில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தார். வேப்பமரத்திலிருந்து இடி இடித்தது. சித்தி தவலையைக் கவிழ்த்துக் கரண்டியால் அடித்தாள். அந்த அமர்க்களத்தில் என் கழுத்தில் தாலி ஏறியது. எத்தனை பேர் தும்மினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சாப்பாட்டுப் பந்தியில் என் மாமனார் சுப்பராயுலுவைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஊர் எந்த ராஜ்ஜியத்துக்குப் போகவேண்டும் என்பதில் நேர் எதிர்க்கட்சி. அன்றைக்கு அந்தப் பேச்சே வரவில்லை. "அந்த மைக்குல நடுவுல தவில்காரன் மாதிரி ஒரு தீர்மானம் வெச்ச பாரு, அது எங்க கத்துக்கினே?" என்று இவர் கேட்க, அவர் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு லட்டு போட்டுக்கொண்டார். மேளக்காரர்கள் மறுநாள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் இலை போட்டு, நடந்ததை நைனா ஆதியோடந்தமாகச் சொன்னார். சொல்லும்போது குழிக்குள் விழுந்த கதையை மட்டும் விட்டுவிட்டார்.

அப்புறம் எல்லையும் ஒருவழியாக முடிவானது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. என் மாமனார் வீடு மெட்ராஸ் ராஜ்ஜியம், என் நைனா வீடு ஆந்திரா. இரண்டு பக்கமும் வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள், நைனாவும்தான். நீ அன்று நைனாவோடு திருப்பதிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, மிகவும் சீரியஸாக என் வீட்டுக்காரரிடம் சொன்னாய்: "மாப்ள, காட்பாடி அந்தப் பக்கத்து ஊரு. அத இங்க வெச்சிக்கினு இருக்க எனுக்கு உரிமை கீதான்னு தெரியல." அவர் அதைவிட சீரியஸாக, "பாகாலாவ அவங்களுக்குக் குடுத்துட்டு மாத்திக்கலாம் மச்சான்" என்றார். வருத்தமாக உட்கார்ந்திருந்த நைனா முதல்முறையாக அன்று சிரித்தார்.

இவரும் உன்னோடு சேர்ந்து கெட்டுப்போனதுதான் எனக்குக் கிடைத்த சீர். கடைக்குச் சரக்கு எடுக்க மெட்ராஸ் போகிறவர், ஜவுளி மூட்டைக்குள், காந்தத்துக்காக, பழைய மிலிட்டரி ஹெட்போன்களைச் சுற்றிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை நீ பாகாலா வழியாக ரயிலில் வருவாய். மாடி அறையில் நீ இழைப்பாய், நான் சுற்றுவேன், இவர் பென்சிலில் ரீலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் இவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "உங்கம்மா சொன்னா, ஒசத்திப் புடிங்கன்னு. இன்னிக்கு வரைக்கும் புடிச்சிக்கினுதான் கீறேன்."

இவர் போனபிறகு நான் ராட்டையைத் தொடவில்லை. நீயும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் யாரிடமோ மிஷினில் சுற்றி வாங்கிக்கொண்டாய். அதன் சத்தம் சரியில்லை என்று அண்ணியிடம் முணுமுணுத்தாயாம்.

பிறகு உன் விரல்கள் நடுங்கத் தொடங்கின. நான் சித்தூருக்கு வந்தேன். உன் அறைச் சுவர் முழுக்கக் கிதார்கள் தொங்கின, அரக்கும் நீலமும் பச்சையுமாக. நீ நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பாட்டில் கையில் நிற்கவில்லை, கம்பிமேல் கடகடவென்று தந்தி அடித்தது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். நீயோ என்னை ஒரு விநோதப் பார்வை பார்த்தாய்.

"பாப்பா, இத்தினி வருஷமா சுத்திச் சுத்திக் குடுத்தியே. ஒரு தபாவாவது வாசிச்சுப் பாத்தியா?"

"எனுக்கு எதுக்கு? எனுக்கு வராது."

"வராதுன்னு உனுக்கு எப்பிடித் தெரியும்? உக்காரு."

அந்த வயதில், கண்ணுக்குக் கண்ணாடி, முட்டிக்கு எண்ணெய் என்று இருந்த என் மடியில் ஒரு கிதாரைத் தூக்கிப் போட்டாய். நான் பாட்டிலை வைத்து இழுத்ததும் வந்த சத்தத்துக்கு அண்ணி கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். நீ சிரித்தாய். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாய். ஆனால் நிறுத்த விடவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் நான் வாரம் ஒருமுறை சித்தூர் பஸ் ஏறினேன். பிள்ளைகள், "அம்மா, மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "அவருக்கு நல்லா கீது, எனக்குத்தான் விரல் வலிக்குது" என்பேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். ஒரு நாள் நான் ஒரு சின்ன வரியை முழுசாக வாசித்து முடித்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "ரெண்டு எடத்துல தப்பு. ஆனா யாரு வாசிக்கறாங்கன்னு கேட்டா, கண்ண மூடிக்கினு சொல்லிடுவேன், எங்க பாப்பான்னு." அடுத்த வரியைத் தொடங்கினேன்.

அதற்கடுத்த வெயில் காலத்தில், ஒரு மத்தியானம், மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று அண்ணி போன் செய்தாள். உன் காரியம் எல்லாம் முடிந்தபிறகு, அவளும் நானும் கிதார்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். சித்தூரிலும் வேலூரிலும் வாசிக்கிற பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவரும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். அன்று வீட்டில் இருந்த சத்தத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலிலேயே குழம்பி நின்றார்கள். கடைசியாக நீ கட்டிமுடித்த பச்சைக் கிதாரை மட்டும் அண்ணி என் கையில் கொடுத்து, "இத வேற யார் கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு உங்கண்ணன் சொல்லிட்டாரு" என்றாள்.

அதை வைத்துக்கொண்டு நான் திருப்பதியில் சாயங்காலந்தோறும் உட்காருகிறேன். முதல் மாதம் கீழ்வீட்டு அம்மா, வெங்கடகிரிப் பக்கத்துக்காரி, படியேறி வந்து, "பெத்தம்மா, மீ இண்ட்லோ ஏதோ பில்லி அருஸ்தோந்தி" என்றாள். பூனை கத்துகிறதாம். "பில்லி காதம்மா, நேனே" என்று நான் கிதாரைக் காட்டினேன். பாவம், அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. நான் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். அன்றோடு நான் நிறுத்திவிடவில்லை, அண்ணா. முன்பென்றால் நிறுத்தியிருப்பேன்.

நேற்று அவள் மறுபடி வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் பாயசம். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். நான் முடிக்கும்வரை இருந்து கேட்டாள். முடித்ததும் சொன்னாள்.

"பெத்தம்மா, இங்கோசாரி வாயிஞ்சண்டி."

இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறாள். இத்தனை வயதுக்குமேல் எனக்குக் கிடைத்த முதல் ஒன்ஸ்மோர், அண்ணா. பாயசம் ஆறிப்போகட்டும் என்று வாசித்தேன்.